பத்து நிமிஷச் சிவப்பு

— பிரஷைக் கீழ வைங்க, நெவென்கா. அந்த டப்பாவையும் மூடுங்க.

— மூட முடியாது. அதைச் சொல்ல நீ யாரு?

— ஹேமிஷ். இந்த கேலரியில படங்களைப் பாத்துக்குறவன். காலையில கை குலுக்கினோமே.

— ஓ, படத்துக்கு வைத்தியம் பாக்குறவன்! வா டாக்டரே, வந்து பாரு. உன் நோயாளி செத்துப் பல வருஷமாச்சு. நீங்க என்னடான்னா சுவத்துல மாட்டி, மேல விளக்கும் போட்டு, ஆகா என்ன அமைதியாத் தூங்குதுன்னு கொஞ்சிட்டு இருக்கீங்க.

— முதல்ல ரெண்டடி தள்ளி நில்லுங்க. பிரஷ்ல இருந்து சொட்டுது.

— சொட்டட்டும். இந்தத் தரைக்காவது கொஞ்சம் சிவப்பு கெடைக்கட்டும்.

— ஆறு மணிக்குத் திறப்பு விழாங்க. இருநூறு பேர் வர்றாங்க. நெவென்கா மருசிச்சோட நாற்பது வருஷப் படங்களைப் பாக்க வர்றாங்க.

— அதனாலதான் இப்பவே வந்தேன். மணி ரெண்டு. நாலு மணி நேரம் தாராளமாப் போதும். அறுநூறு கோடு. அன்னிக்குப் பத்தே நிமிஷத்துல போட்டேன். இப்ப எழுபத்தோரு வயசு, ஒரு மணி நேரம்னு வெச்சுக்கோ.

— எதுக்கு அறுநூறு கோடு?

— இந்தப் படத்தை மறுபடி சிவப்பாக்க.

— மறுபடியா? இது சிவப்பு இல்லையே. இது... எப்படிச் சொல்றது, லேசா ரோஜா கலந்த சாம்பல்.

— மகனே, இன்னொரு தடவை சாம்பல்னு சொன்னே, இந்த டப்பாவை உன் தலையில கவுத்துடுவேன். இது சிவப்பு. எண்பத்தெட்டுல நான் வரைஞ்சப்ப பாத்தவன் கண்ணு கூசும். என் பக்கத்து வீட்டுக்காரன் வேலி மேல எட்டிப் பாத்துட்டு, தீப்புடிச்சிருச்சான்னு கேட்டான்!

— சரி, சரி. கோவப்படாதீங்க. ஆனா நீங்க இதைத் தொடக் கூடாது. படம் உங்களோடது, உடைமை கேலரியோடது. வரைஞ்சவங்களே தொட்டாலும் அது சேதம்தான். நான் காவலரைக் கூப்பிட வேண்டி வரும்.

— கூப்பிடு. எழுபத்தோரு வயசுக் கிழவியைத் தன் படத்துல பெயின்ட் அடிச்சான்னு விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போகட்டும். பெர்த் ஊரே பாக்கட்டும்.

— நான் அப்படிச் சொல்லல...

— நீ சொல்லல, உன் சுவரு சொல்லுது. இந்த அட்டையில என்ன எழுதி வெச்சிருக்கீங்க? படிக்கிறேன் கேளு. "இளங்காலை மூடுபனியின் மென்மையான சாம்பல். அறுநூறு கோடுகள், அறுநூறு மூச்சுகள். இந்தப் படத்தின் முன் பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து மூச்சுவிடுமாறு கலைஞர் நம்மை அழைக்கிறார்." நான் அழைச்சேனா? எப்ப அழைச்சேன்? யாரை அழைச்சேன்?

— படத்தோட பேரே "பத்து நிமிஷம்"தானே. அதை வெச்சு எழுதியிருப்பாங்க.

— அதை வெச்சு! முன்னாடி ஒரு பெஞ்சு. பெஞ்சு மேல மெத்தை. சனிக்கிழமை காலையில இங்க தியான வகுப்பாம், பாயை அவங்கவங்களே கொண்டு வரணுமாம். மகனே, அந்தப் பத்து நிமிஷம் என்னன்னு உனக்குத் தெரியுமா?

— தெரியாது. சொல்லுங்க.

— என் தங்கச்சி லென்கா ஃப்ரீமாண்டில்ல மீன் டப்பா அடைக்கிற ஃபேக்டரியில வேலை பாத்தா. இருபத்தாறு வயசு. மூடி போடுற மெஷினுக்குக் காவல் தகடு ஒண்ணு உண்டு. அதைக் கழட்டிட்டா வேலை வேகமா ஓடும்னு மேஸ்திரி கழட்டிட்டான். மூணு விரல் போச்சு. விசாரணை வெச்சாங்க. நாங்க எல்லாரும் நல்ல துணி உடுத்திட்டுப் போனோம். எங்கப்பா கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுட்டு வந்தாரு. பொண்ணு ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துட்டு இருந்திருக்கான்னு மேஸ்திரி சொன்னான். அந்த ஃபேக்டரியில ஜன்னலே கெடையாது! அதைச் சொல்ல எங்கப்பா எந்திரிச்சாரு. அவரு இங்கிலீஷு அவங்களுக்குப் புரியல. உக்காருன்னுட்டாங்க. கவனக்குறைவுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, எந்திரிச்சுப் போயிட்டாங்க. சுவத்துல கடியாரம் இருந்துச்சு. உள்ள போனது பத்து மணி. வெளிய வந்தது பத்து பத்து.

— ஐயோ.

— அதுதான் பத்து நிமிஷம். மூச்சும் இல்ல, மூடுபனியும் இல்ல.

— அந்த அறுநூறு கோடு...?

— நொடிக்கு ஒண்ணு. கார் நிறுத்துற கொட்டகையில கேன்வாஸைத் தரையில விரிச்சேன். லென்கா பழப்பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காந்து, கட்டுப் போட்ட கையை மடியில வெச்சுக்கிட்டு ஒண்ணு, ரெண்டுன்னு சத்தமா எண்ணினா. அவ எண்ண எண்ண நான் இழுத்தேன். நிறுத்தல, திருத்தல, ஒரு கோட்டைக்கூட மறுபடி தொடல. நானூறு தாண்டுறப்போ அவ ஒவ்வொரு எண்ணையும் கத்திட்டு இருந்தா. அந்தச் சத்தம் இந்தப் படத்துல இருந்துச்சு. அதை என்னடா பண்ணினீங்க?

— நாங்க ஒண்ணும் பண்ணல. நம்புங்க. என்ன பெயின்ட் அது?

— கடைக்கண்ணாடியில விலை எழுதுற பெயின்ட். இதோ, இதே டப்பாதான். அப்ப எனக்கு அதுதான் பிழைப்பு. கறிக்கடை, மீன்கடை, காய்கறிக்கடை, எல்லாத்துக்கும் நான்தான் எழுதுவேன். "இன்று மட்டும்", "பாதி விலை". பளீர்னு எரியுமே, ஃப்ளோரசன்ட் சிவப்பு. ஓவியம் வரையுறவங்க வாங்குற சிவப்பெல்லாம் எடுத்துப் பாத்தேன். எல்லாம் மரியாதையான சிவப்பு. எனக்கு மரியாதை வேண்டாம்னு தோணுச்சு.

— நெவென்கா! ஃப்ளோரசன்ட் வெயில் பட்டா நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?

— கடையில விலை எழுதுறவளுக்கு அது தெரியாதா? ஒரு கோடைக்குத்தான் வரும். வெளுத்துச்சுன்னா அடுத்த வருஷம் வந்து அதே எழுத்து மேலயே மறுபடி எழுதிட்டுப் போவோம். வெளுத்த எழுத்தை அப்படியே விட்டுட்டுப் போறவன் தொழில்காரனே இல்ல. படம் வீட்டுக்குள்ளதானே இருக்கும், நிக்கும்னு நெனச்சேன். வாங்கினான் பாரு ஒரு கப்பல் கம்பெனிக்காரன், அவன் கொண்டுபோய் வடக்குப் பாத்த கண்ணாடிச் சுவருக்கு நேர் எதிர்ல மாட்டினான். ஒம்போது வருஷம்! நாள் பூரா வெயில்! அப்புறம்தான் உங்க கேலரிக்கு வந்துச்சு.

— வடக்குப் பாத்தா? பூமிக்குத் தெற்குல இருக்குற நம்ம ஊருக்கு வெயிலே வடக்குல இருந்துதானே அடிக்கும்!

— நீயே சொல்லு. நாய்கூட அந்தப் பக்கம் படுக்காது. இப்ப விடு என்னை. நாலரைக்கு லென்காவோட பஸ் வருது.

— உங்க தங்கச்சி வர்றாங்களா?

— ஜெரால்ட்டன்ல இருந்து வர்றா. விசாரணை முடிஞ்ச கையோட அங்க போனவ. இந்தப் படம் காஞ்ச அன்னிக்குப் பாத்ததுதான். அதுக்கப்புறம் ஒரு கேலரி வாசப்படியும் மிதிச்சதில்ல. பேரப்பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டு இருக்கா, எனக்கு நடந்ததுக்கு அந்த விசாரணையில எவனும் உண்மையா ஒரு வார்த்தை எழுதல, எங்கக்கா எழுதினா, ரத்தச் சிவப்புல எழுதினான்னு. அவ வந்து இந்தப் பெஞ்சுல உக்காரணுமா? இந்த அட்டையைப் படிக்கணுமா? அவ கத்தினதை நீங்க மூச்சுப்பயிற்சின்னு எழுதி வெச்சிருக்கீங்கடா!

— யாரு கத்துறது? நெவென்கா, டார்லிங்! மூணாவது அறை வரைக்கும் கேக்குது. ஹேமிஷ், அவங்க கையில என்ன பிரஷ்?

— இமோஜென், ஒரு நிமிஷம், நான் விளக்கமாச் சொல்றேன்...

— நீ சொல்லாதே மகனே, நானே சொல்றேன். இந்தக் கண்காட்சியை அமைச்ச அம்மா நீங்கதானே? இந்த அட்டை எழுதினதும் நீங்கதானே?

— நான்தான் டார்லிங். பிடிச்சிருக்கா?

— பிடிச்சிருக்கு, கழுத்தை! இந்தப் படம் சிவப்பு. வெயில்ல வெளுத்துப் போச்சு. வெளுத்துப் போன துணியைக் கொடியில மாட்டிட்டு, மௌனம்னு பேர் வெச்சிருக்கீங்க. கண்காட்சிக்கே அதுதான் பேரு! வாசல்ல என் உயரத்துக்கு எழுதியிருக்கு. "மெல்லிய மௌனம்". இதுக்கு நான் மறுபடி பெயின்ட் அடிக்கப் போறேன்.

— டார்லிங், வந்து உக்காருங்க. காபி குடிச்சீங்களா? எந்தக் கலைஞருக்கும் பழைய வேலையைப் பாத்தா இப்படித்தான் இருக்கும். ஆனா உண்மையிலேயே சொல்றேன், இது உங்க படங்கள்லயே ஆழமானது. இதுல இருந்துதான் உங்க முழுப் பாதையும் தொடங்குது. நான் நாற்பது பக்கம் எழுதியிருக்கேன். புத்தகம் அச்சாகி வந்தாச்சு.

— அச்சாகி வந்துட்டா அது உண்மையாயிடுமா?

— காலமும் ஒரு கலைஞர்தான் டார்லிங். நீங்க ஒரு கை, காலம் ஒரு கை. ரெண்டும் சேந்து...

— எனக்குக் கூட்டாளி வேண்டாம்! விசாரணையில எங்களைப் பேச விடாம அவங்களே பேசினாங்க. இப்ப நீங்களும் எனக்குப் பதிலா நாற்பது பக்கம் பேசியிருக்கீங்க. நான் இங்கதானே இருக்கேன்? செத்தா போயிட்டேன்? ஒரு ஃபோன் பண்ணி, அம்மா இது என்ன நிறம்னு கேக்கக் கூடாதா?

— கேக்கத் தோணல. கண்ணுக்கு முன்னாடி தெரியுதே.

— இமோஜென், நான் குறுக்க பேசலாமா? அவங்க சொல்றது உண்மைன்னா அதுக்குச் சாட்சி இருக்கும்.

— என்ன சாட்சி ஹேமிஷ்? பழைய பத்திரிகையில வந்த ஃபோட்டோ கறுப்பு வெள்ளை.

— போன வாரம் படத்துக்குக் குறிப்பு எழுதறப்போ நான் கோடுகளை எண்ணினேன். ஐநூத்தித் தொண்ணூத்தெட்டு. ரெண்டு தடவை எண்ணினேன். உங்க புத்தகத்துல அறுநூறு. ரெண்டு குறையுது.

— குறையாது மகனே. என் தங்கச்சி எண்ணினா, தப்பாது. அந்தக் கப்பல் கம்பெனிக்காரன் போட்டான் பாரு இந்தத் தடி பிரேமு, இது நான் போட்டது இல்ல. என் படத்துக்கு என்னைக்கும் பிரேம் கெடையாது. வலது ஓரத்துல ரெண்டு கோட்டை அது முழுங்கிடுச்சு.

— அப்போ அந்த ரெண்டு கோட்டு மேல முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல வெயில் பட்டிருக்காது.

— அட! கெட்டிக்காரன்டா நீ. கழட்டு பிரேமை!

— ஹேமிஷ், திறப்பு விழாவுக்கு மூணரை மணி நேரம்தான் இருக்கு. இப்பவா?

— இப்பவேதான் இமோஜென். குறிப்பு எழுதறப்பவே கழட்டிப் பாத்திருக்கணும். பின்னால ஒட்டி சீல் வெச்சிருந்துச்சு, அவசரத்துல விட்டுட்டேன். அது என் தப்பு. இந்தப் பக்கம் புடிங்க. மெதுவா. பெஞ்சு மேல சாய்ச்சு வைங்க.

— அந்த மெத்தை இப்பத்தான் ஒரு வேலைக்கு ஆச்சு.

— ஹேமிஷ், பாத்து. கடவுளே, பாத்து.

— நீ ஒண்ணு கேக்கலையே மகனேன்னு எனக்கு ஆச்சரியமா இருக்கு.

— என்ன கேக்கலை, நெவென்கா? இந்த ஆணி துரு... ஒரு நிமிஷம். ஆமா, ஒண்ணு கேக்கணும்னுதான் இருந்தேன். இது வெளுத்ததை நீங்க முதல்ல எப்பப் பாத்தீங்க?

— தொண்ணூத்தேழுல. அந்தக் கம்பெனிக்கு ஏதோ விருந்துன்னு கூப்பிட்டாங்க. உள்ள நுழைஞ்சதும் யாரோட படம் இதுன்னு எனக்கே தெரியல.

— அப்பவே ஏன் சொல்லல?

— சொல்ல வாயெடுத்தேன். படத்துக்கு முன்னாடி ஒரு ஆளு நின்னு அழுதுட்டு இருந்தான். சிட்னியில பெரிய கேலரி வெச்சிருக்குறவன். நான்தான் வரைஞ்சேன்னு தெரிஞ்சதும் என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, இவ்வளவு சாந்தமான படத்தை என் வாழ்நாள்ல பாத்ததில்லம்மான்னான். அதுவரைக்கும் எந்த கேலரிக்காரனும் என் கையைத் தொட்டதில்ல.

— அப்புறம்?

— அப்புறம் என்ன. நீ ஆணியைப் புடுங்கு. சும்மா பேசிக்கிட்டு.

— வந்துருச்சு. இந்தக் கட்டையை மட்டும் நகத்தினா... ஓ.

— என்ன ஹேமிஷ்? என்ன?

— இமோஜென், வந்து பாருங்க.

— கடவுளே.

— எரியுது, இல்ல?

— இது... டார்லிங், இது சிவப்பு இல்ல. எனக்குப் பேரே தெரியல. கண்ணுல குத்துது.

— இதுதான் சிவப்பு! இப்பச் சொல்லு, இது மூடுபனியா? சொல்லும்மா! இது மூச்சா? ஐநூத்தித் தொண்ணூத்தொம்போது, அறுநூறு. இந்தக் கடைசி ரெண்டையும் இழுக்கறப்போ லென்கா அழுதுட்டா. நான் பிரஷைத் தூக்கி வேலியில அடிச்சேன். இத்தனை வருஷமா இங்கேயே இருந்திருக்கு. அடப்பாவிகளா, இங்கேயே இருந்திருக்கு!

— உக்காருங்க, நெவென்கா. தண்ணி குடிங்க.

— தண்ணி கெடக்கட்டும். இப்பப் பெயின்ட் அடிக்க விடுறியா இல்லையா?

— விட மாட்டேன். ஆனா வேற ஒண்ணு பண்றேன். இந்த பிரேமைத் தூக்கிப் போட்டுட்டு, படத்தை இப்படியே மாட்டுறேன். ஓரத்துல அந்த ரெண்டு கோடும் தெரியும். மீதி ஐநூத்தித் தொண்ணூத்தெட்டும் என்னவா இருந்துச்சுன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. உங்க தங்கச்சி பாத்தா போதாதா?

— அவளுக்குப் போதும். ரெண்டைப் பாத்தா அறுநூறையும் எண்ணிடுவா.

— அட்டையை நான் இப்பவே கிழிக்கிறேன் டார்லிங். பாருங்க, கிழிச்சுட்டேன். உங்க தங்கச்சி பேரு என்ன? அவங்க பேரோட புதுசா எழுதணும். விசாரணை, ஃபேக்டரி, எல்லாம். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். ஒரு வார்த்தை நான் சேக்கமாட்டேன்.

— இப்ப சொன்னீங்களே, இது பேச்சு. லென்கா மருசிச். மூணு விரல். ஜன்னல் இல்லாத ஃபேக்டரி. எழுதுங்க.

— எழுதறேன். ஜன்னல் இல்லாத... இருங்க. ஹேமிஷ், ஒரு நிமிஷம். அடுத்த ரெண்டு அறையில முப்பத்தஞ்சு படம் இருக்கு.

— ஆமா. நானும் அதைத்தான் யோசிச்சிட்டு இருக்கேன்.

— எல்லாம் இதே சாம்பல். தொண்ணூத்தெட்டுல இருந்து போன வருஷம் வரைக்கும். அப்போ அதெல்லாமும்... கடவுளே! ஒரு பொம்பளை இவ்வளவு வருஷமா கத்திக்கிட்டே இருந்திருக்கா. நாம எல்லாரும் அதுக்கு மௌனம்னு பேர் வெச்சு விருது குடுத்திருக்கோம். நெவென்கா, நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். இங்க இல்ல, ஆறு மணிக்கு, மேடையில, அத்தனை பேருக்கும் முன்னாடி. பத்திரிகைக்காரங்களும் வர்றாங்க. இந்தப் புத்தகத்தை நான் திரும்ப வாங்கிக்குறேன். நாற்பது பக்கமும் தப்பு. முழுசா மாத்தி எழுதறேன்.

— முதல்ல, வாங்கினவங்க போட்ட எல்லா பிரேமையும் நான் கழட்டணும் இமோஜென். மூணு மணி நேரத்துல முடிஞ்சவரைக்கும் பாத்துடறேன். நெவென்கா, ஒவ்வொண்ணுலயும் ஓரத்துல ஒரு கீத்து சிவப்பு இருந்தாப் போதும், உங்களுக்கு நடந்த அநியாயம் மொத்தமும் நிரூபணம் ஆயிடும். எந்த அறையில இருந்து ஆரம்பிக்கட்டும்?

— வேண்டாம்.

— ஏன் வேண்டாம்? இவ்வளவு நேரம் நியாயம் கேட்டுத்தானே கத்தினீங்க?

— அதுக்கெல்லாம் அடியில சிவப்பு இருக்காது.

— வேற நிறமா? மஞ்சளா?

— இல்ல. மேல என்ன தெரியுதோ அதேதான்.

— புரியல, நெவென்கா. அப்போ வெளுத்தது?

— இது ஒண்ணுதான் வெளுத்துச்சு, மகனே. அந்த முப்பத்தஞ்சும் இது வெளுத்ததைப் பாத்து நான் வரைஞ்சது.